மறுத்து நின்றோர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இவ்விழாவில் இலக்கியம் பேசுவோம், இசை கேட்போம், பிள்ளைகளுக்குப் பரிசு வழங்குவோம். இவ்வாண்டு சங்கத்தார் எம்மிடம், “போரைப் பற்றிப் பேசுங்கள்” என்று பணித்தார்கள். போரில் வென்றவரைப் பற்றிப் பேசுவோர் பலர். போர் தொடங்கும் வேளையில், முரசொலி காதைத் துளைக்கும் வேளையில், “இது தகாது” என்று எழுந்து நின்ற சிலரைப் பற்றிப் பேச யாம் விரும்பினோம். அவர்கள் எண்ணிக்கையிற் சிறியர். பெரும்பாலும் தோற்றவர். ஆயினும் அவர்களை மறந்த சமுதாயம் தன் மனச்சான்றின் ஒரு பகுதியை மறந்ததாகும் என்பது எம் எண்ணம்.

இப்பொருள் நமக்குப் புதியதன்று. சோழர் குடியில் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து, உறையூரை ஒருவன் முற்றுகையிட, மற்றவன் உள்ளே அடைந்து கிடந்தபோது, இருவருக்கும் இடையே சென்று நின்றவர் கோவூர் கிழார் என்னும் புலவர். போரிடும் இருவரும் ஒரே குடியினர். எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே. இப்போர் கண்டு மகிழ்வோர் மற்றை வேந்தரே என்று அவர் எடுத்துரைத்தார். புறநானூறு இதனைக் காத்து வைத்திருக்கிறது. நம்மில் பலருடைய பாட்டன்மார் தருமபுரிப் பக்கத்திலிருந்து இவ்வயலுக்கு வந்தவர்கள். அத்தருமபுரியே பழைய தகடூர். அதனை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். வேந்தன் முன் நின்று போரை வேண்டாம் என்னும் உரிமை தமிழ்ப் புலவனுக்கு இருந்தது; தமிழ்ப் பெண்ணுக்கும் இருந்தது. அவ்வுரிமையைப் பிறர் எவரும் நமக்குக் கற்றுத் தரவில்லை.

இன்னொரு கதையும் இம்மண்ணோடு தொடர்புடையது. மாரிக்குப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதர் வழியில் பௌத்த சங்கம் தழைத்ததையும், 1926-ஆம் ஆண்டு முதல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தியதையும் நம் பெரியோர் அறிவர். அப்பௌத்த மரபை அம்பேத்கர் அவர்கள் தம் இறுதி நூலில் விரித்துரைத்தார். அவர் மறைந்தபின் 1957-ல் வெளிவந்த அந்நூலில், சித்தார்த்தர் வீட்டை விட்டு நீங்கியதற்கு அவர் காட்டும் காரணம் வேறானது. உரோகிணி ஆற்று நீரைப் பற்றிச் சாக்கியருக்கும் கோலியருக்கும் வழக்கு எழுகிறது. சாக்கியர் சங்கம் கூடிப் போர் தொடுக்கத் தீர்மானம் கொண்டு வருகிறது. சித்தார்த்தர் எழுந்து எதிர்க்கிறார், வாக்கெடுப்பில் தோற்கிறார். மறுநாள் இளைஞர் யாவரும் படையிற் சேர வேண்டும் என்று கட்டளை பிறக்கிறது. அவர் சேர மறுக்கிறார். மறுத்தால் குடும்பத்தை ஊர் விலக்கும், நிலம் பறிபோகும் என்று அச்சுறுத்துகிறார்கள். குடும்பம் துன்புறுவதற்கு இடந்தராது, தம்மையே நாடு கடத்திக் கொள்கிறார். துறவு என்று நாம் கேட்டறிந்தது, அந்நூலின்படி, ஒரு போரை மறுத்ததன் விலை.

அன்பர்களே, இனி நம் தந்தையர் காலத்திற்கு வருவோம்.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின் மீது போர் அறிவித்தது. அன்றே, வைசிராய் லின்லித்கோ பிரபு இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். மத்திய சட்டசபையைக் கேட்கவில்லை. மாகாணங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவைகளைக் கேட்கவில்லை. ஏறத்தாழ நாற்பது கோடி மக்களின் பெயரால் ஒரே மனிதர் கையொப்பமிட்டார். வீட்டுக்காரனைக் கேளாமல் அவன் வீட்டுப் பிள்ளையை அடுத்த வீட்டுச் சண்டைக்கு அழைத்துச் சென்றது போன்றது அது.

அவ்வறிவிப்பு வருமுன்னரே எதிர்ப்புத் தொடங்கியிருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். இந்தியப் படைகளை எகிப்துக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பியதைக் கண்டித்து, மத்திய சட்டசபைக் காங்கிரஸ் உறுப்பினர் அடுத்த கூட்டத்திற்குச் செல்ல வேண்டா என்று ஆகஸ்டு மாதத்திலேயே காரியக் கமிட்டி பணித்தது. போர் மூண்டபின், செப்டம்பர் 14-ஆம் நாள், வார்தாவில் கூடிய காரியக் கமிட்டி ஒரு வினாவை எழுப்பியது. ஜனநாயகத்தைக் காக்கவே போர் என்கிறீர்கள். அந்த ஜனநாயகம் இந்தியாவுக்கும் உண்டா? இதற்கு நேர்மையான விடை கிடைக்கவில்லை. அக்டோபர் மாதத்தில் எட்டு மாகாணங்களின் அமைச்சரவைகளைப் பதவி துறக்குமாறு காங்கிரஸ் பணித்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை அம்மாத இறுதியில் விலகிற்று. பதவியைத் தேடி ஓடுவோரையே கண்டு பழகிய நமக்கு, ஒரு வினாவுக்கு விடை வரவில்லை என்பதற்காக எட்டு அமைச்சரவைகள் இறங்கின என்பது வியப்பாகவே இருக்கும்.

ஆயினும் போரை எதிர்த்தோர் எல்லோரும் ஒரே காரணத்திற்காக எதிர்த்தனர் என்று எண்ணுவது பிழை. காந்தியடிகள் எல்லாப் போரையும் மறுத்தார். ஜவாஹர்லால் நேரு நாஜிகளை மனமார வெறுத்தவர். ஆயினும் அடிமை நாடு எவ்வாறு பிறர் விடுதலைக்காகப் போரிடும் என்று கேட்டார். கம்யூனிஸ்டுகள் இதனை ஏகாதிபத்தியப் போர் என்றனர். 1941 ஜூன் மாதத்தில் ஹிட்லர் சோவியத் நாட்டின் மீது பாய்ந்தபின், அவர்கள் நிலை மாறி, மக்கள் போர் என்றனர். சுபாஷ் சந்திரபோஸ் பிரிட்டனின் இடரை இந்தியாவின் வாய்ப்பாகக் கண்டார். பின்னர் தாமே படை நடத்தினார். மலாயாவிலிருந்த நம் தமிழ்த் தொழிலாளர் பலர் அப்படையிற் சேர்ந்தனர்.

எதிர்ப்பக்கத்திலும் சிறியோர் இல்லை. அம்பேத்கர் அவர்கள் நாஜி ஆட்சி வென்றால் உலகில் எளியோர்க்கு இடமே இராது என்று கருதிப் போர் முயற்சியை ஆதரித்தார். 1942-ல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறைப் பொறுப்பேற்றார். தந்தை பெரியாரும் போரை ஆதரித்தார். எந்தப் பக்கம் நின்றவரையும் கூலிக்கு நின்றவர் என்றோ, கோழை என்றோ கூற யாம் துணியோம். கூறுவோர் அக்காலத்தின் இருளை அறியாதவர்.

காந்தியடிகளின் நிலையும் ஒரே நாளில் உருவானதன்று. தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது அவர் காயமுற்றோரைச் சுமக்கும் படை அமைத்தார். முதல் உலகப் போரின் இறுதியாண்டான 1918-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து படைக்கு ஆள் திரட்டினார். அகிம்சை பேசும் நீங்கள் ஆள் திரட்டலாமா என்று அவரிடமே கேட்டவர் ஆங்கிலேயப் பாதிரியாரான சி. எப். ஆண்ட்ரூஸ். ஆசானின் தவற்றை அன்போடு சுட்டும் நண்பர் அமைவது அரிது. அவ்வினா காந்தியடிகளின் உள்ளத்தில் வேலை செய்திருக்கும் என்றே யாம் நம்புகிறோம்.

1940-ல் காங்கிரசுக்குள்ளேயே பிளவு தோன்றியது. பிரான்சு வீழ்ந்துவிட்டது. இந்நிலையில், உடனே தேசிய அரசு அமைத்தால் போருக்கு உதவலாம் என்ற கருத்தை இராஜாஜி முன்வைத்தார். ஜூலை மாதம் பூனாவில் கூடிய காங்கிரஸ் அதனை ஏற்றது. காந்தியடிகள் ஒதுங்கி நின்றார். ஆகஸ்டு 8-ஆம் நாள் வைசிராய் தந்த பதிலோ அக்கையை உதறியது. செப்டம்பரில் பம்பாயிற் கூடிய காங்கிரஸ் மீண்டும் அடிகளையே தலைமை ஏற்க வேண்டியது.

அப்போது அவர் வகுத்த வழியே தனிநபர் சத்தியாக்கிரகம். இலட்சக்கணக்கானோரை வீதிக்கு இழுத்துப் பிரிட்டனை அதன் துன்ப வேளையில் முடக்க அவர் விரும்பவில்லை. கேட்பது ஒன்றே: போருக்கு எதிராகப் பேசும் உரிமை. ஒருவர் பின் ஒருவராக, தேர்ந்தெடுக்கப்பட்டவர் மட்டுமே செல்ல வேண்டும். எந்த நாள், எந்த இடம், எந்த நேரம் என்று மாவட்ட அதிகாரிக்கு முன்னதாகவே எழுதி அறிவிக்க வேண்டும். பின்பு அங்கே சென்று, ஆளாலோ பணத்தாலோ இப்போருக்கு உதவுவது தகாது, எல்லாப் போரையும் அகிம்சையால் எதிர்ப்பதே தக்கது என்ற கருத்தை மக்களுக்கு உரைக்க வேண்டும். கைது செய்தால் சிறை செல்ல வேண்டும். செய்யாவிடில் ஊர் ஊராகப் பேசிக் கொண்டே தில்லியை நோக்கி நடக்க வேண்டும்.

முதலாமவராக அடிகள் தெரிந்தெடுத்தவர், அந்நாளில் நாடறியாதிருந்த வினோபா பாவே. 1940 அக்டோபர் 17-ஆம் நாள் பவுனார் என்னும் சிற்றூரில் அவர் பேசினார். நான்கு நாட்களில் கைதாகி மூன்று மாதச் சிறை பெற்றார். அடுத்தவரான நேரு பேசுவதற்கு முன்பே கைதாகி நான்காண்டுத் தண்டனை பெற்றார். போருக்கு உதவலாம் என்று முன்பு வாதாடிய இராஜாஜியும், டிசம்பரில் அப்போர் எதிர்ப்பிற்காகவே ஓராண்டுச் சிறை ஏற்றார். தமிழ்நாட்டுச் சத்தியாக்கிரகிகளின் பட்டியலுக்கு இசைவு பெற வார்தாவுக்குப் புறப்பட்ட காமராசர் வழியிலேயே கைதாகி வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராக மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். விடுதலையாகி வந்தவர், முழுப்பொழுதும் உழைக்க இயலாத பதவியை வகித்தல் முறையன்று என்று அதனை உடனே துறந்தார். நாடெங்கும் சிறை சென்றோர் இருபதினாயிரத்திற்கும் மேற்பட்டவர். 1941 டிசம்பரில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

இனிச் சமயவாணரைப் பற்றி ஒரு சொல். வெள்ளைப் பாதிரிமார் எல்லோரும் வெள்ளை அரசின் பக்கமே நின்றனர் என்று பலர் எண்ணுகிறார்கள். அஃது உண்மையன்று. 1940 ஜனவரியிலேயே, வினோபாவுக்குப் பல திங்கள் முன்பே, வட இந்தியாவிலிருந்த அமெரிக்க மெதடிஸ்டு ஊழியர் சிலர், இந்தியாவைக் கேளாமல் போரில் இழுத்ததைக் கண்டித்து வைசிராய்க்கே எழுதினார்கள். லக்னோவில் ஆசிரமம் நடத்திய ஜே ஹோம்ஸ் ஸ்மித்தும், மதுராவில் பள்ளி நடத்திய ரால்ஃப் டெம்ப்ளினும் அவர்களுள் முதன்மையானவர். சத்தியாக்கிரகத்தை யொட்டித் தம் முயற்சிக்குக் ‘கிறிஸ்தாக்கிரகம்’ என்று பெயரிட்டனர். இந்நாட்டு அரசுக்கு எதிராக ஒன்றும் செய்யோம் என்று உறுதிமொழி எழுதித் தந்தே அயல்நாட்டு ஊழியர் இங்கு வாழ முடிந்த காலம் அது. விளைவாக அவர்கள் இந்தியாவை விட்டு நீங்க நேர்ந்தது. ஆயினும் விதை வீணாகவில்லை. ஸ்மித் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் ஆசிரமம் அமைத்தார். பின்னாளில் கறுப்பின மக்களின் உரிமைக்காக அறவழியிற் போராடிய ஜேம்ஸ் ஃபார்மர் போன்றோர் அங்கே தங்கிப் பயின்றனர். இங்கே துரத்தப்பட்ட சொல் அங்கே வேர்விட்டது.

நமக்கு அண்மையிலுள்ள திருப்பத்தூரில், 1921-ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமம் நிறுவிய மருத்துவர் இருவரையும் இங்கே நினைத்தல் தகும். ஒருவர் நம் தமிழர், சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்து நாட்டு எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, ஏழைகளுக்கு மருத்துவம் செய்த அந்த வெள்ளையர், 1932-ல் சென்னையில் காவலரின் தடியடிக்கும் ஆளானார். தஞ்சையிற் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா, போர்ச் செலவுக்கு அச்சிட்ட காகிதப் பணம் ஏழையின் உணவைப் பறிக்கும் என்று எச்சரித்தார், சிறை சென்றார், சிறையிலிருந்தே இயேசுவின் போதனைகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1943-ல் வங்கத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் மடிந்தனர் என்பர். போர்முனையில் இறந்த இந்திய வீரர் ஏறத்தாழ 87,000 பேர். துப்பாக்கியையே காணாது இறந்தோர் தொகை அதனினும் எத்தனை மடங்கு என்பதை எண்ணிப் பாருங்கள்.

அன்பர்களே! இதுவரை நாட்டுக் கதை கூறினோம். இனி வீட்டுக் கதை ஒன்று கூறுவோம்.

நம் வயல் அக்காலத்தில் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. அமைச்சரவைகள் விலகியதும் சத்தியாக்கிரகம் நடந்ததும் நம் எல்லைக்கு அப்பால். ஆயினும் நம் உறவோ எல்லைக்கு இருபுறமும் இருந்தது. எம் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தரைக்கடியில் வேலை செய்தவர். அவருடைய தமையனார், எம் பெரிய தந்தையார், 1940-ல் பெங்களூர் சென்று சென்னைச் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். பாறையில் துளையிடவும் வெடி வைக்கவும் தெரிந்த கைகளுக்கு அங்கே வரவேற்பு இருந்தது. எம் அன்னையாரின் தமையனார், எம் தாய்மாமன், குடியாத்தத்தில் தறி நெய்தவர். அவர் 1941-ல் சத்தியாக்கிரகப் பட்டியலில் இடம் பெற்றுக் கடைவீதியில் நின்று பேசினார். முதல் நாள் எவரும் கைது செய்யவில்லை. விதிப்படி தில்லியை நோக்கி நடக்கத் தொடங்கினார். சித்தூர்ச் சாலையில் மூன்றாம் நாள் பிடித்தார்கள். நான்கு மாதம் சிறை. தறி நின்றது. வீட்டிலிருந்த பித்தளைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கடைக்குச் சென்றன. அதே மாதங்களில் பெரிய தந்தையார் அனுப்பிய மணியார்டரில் ஒரு பங்கு, மருமகள் வழியாகக் குடியாத்தத்து அடுப்பையும் எரித்தது என்று பின்னாளில் அறிந்தோம். போரை எதிர்த்துச் சிறை சென்றவரின் குழந்தைகள் போர்வீரனின் ஊதியத்தில் உண்டனர்.

மாமன் விடுதலையாகி வந்து இச்செய்தியை அறிந்தபோது வெகுண்டார். தம் விரதத்தைக் கறைப்படுத்தி விட்டார்கள் என்று கருதினார். பெரிய தந்தையாரோ, பர்மாக் காட்டில் பாலம் கட்டிக் காய்ச்சலோடு திரும்பியவர், தம் நண்பர்கள் அங்கே மண்ணில் கிடக்க, இவர் அவர்களைப் பாவிகள் என்கிறார் என்று புண்பட்டார். இருவரும் பேசுவதை நிறுத்தினர். 1946-ல் எம் குடும்பத்தில் ஒரு திருமணம். ஆண்டர்சன்பேட்டையில் பந்தல். இருவரும் பந்தியில் எதிரெதிர் வரிசையில் அமர்ந்து, இலையைப் பார்த்தவாறே இருந்தனர். மாமனைப் பெற்ற எம் பாட்டி, எழுத்தறியாதவர், சோற்றுக் கூடையோடு நடுவில் நின்று கூறினாராம்: “ஒருத்தன் உசிரக் குடுக்கப் போனான். ஒருத்தன் உசிர எடுக்கமாட்டேன்னு போனான். ரெண்டு பேருமே கூலிக்குப் போகல. ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சாப்பிடுங்க, இல்லாட்டி நான் இன்னிக்கு யாருக்கும் போடமாட்டேன்.”

பந்தல் அமைதியாயிற்று. சற்று நேரத்திற்குப் பின், பெரிய தந்தையார் தம் எதிரிலிருந்தவரை நோக்கி, “மச்சான், அந்தச் சித்தூர் ரோட்டிலே உனக்குக் காலிலே செருப்பு இருந்ததா?” என்று கேட்டார். இல்லை என்றார் மாமன். “எங்களுக்குப் பூட்ஸ் இருந்தது, ஆனாலும் புண்ணு,” என்றார் இவர். அதற்குமேல் அவர்கள் அரசியல் பேசியதாக எவரும் கூறியதில்லை. ஆனால் பேசினார்கள், இறுதிவரை பேசினார்கள். பெரிய தந்தையார் மறைந்தபோது குடியாத்தத்திலிருந்து கதர்த் துணி கொண்டு வந்து போர்த்தியவர் மாமனே.

இக்கதையை இங்கே கூறியதற்குக் காரணம் உண்டு. மறுத்தவருக்கு மாலை சூட்டுவது எளிது. அவரை மறுத்தவரோடு ஒரே பந்தியில் அமர்த்துவதே அரிது. போர் இரு நாடுகளுக்கிடையே நடக்கும்போதே, ஒவ்வொரு வீட்டிற்குள்ளும் ஒரு சிறு போரை மூட்டி விடுகிறது. “நீ துரோகி” என்பான் ஒருவன். “நீ கூலி” என்பான் மற்றவன். நம் பாட்டி அவ்விரு சொற்களையும் ஒருங்கே பிடுங்கி எறிந்தார்.

எனின், எவர் கூறியது சரி என்று இளைஞர்கள் கேட்கலாம். எமக்குத் தோன்றுவதை மறையாது கூறுவோம். கேளாமல் இழுத்தது தவறு என்று 1939-ல் எழுந்து நின்றது முற்றிலும் சரி. அதில் எமக்கு ஐயமில்லை. ஹிட்லரின் ஆட்சியால் கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதர்களை இன்று நாம் அறிந்துள்ளோம். அந்த அறிவோடு நோக்கின், எவ்வகைப் போரும் தகாது என்ற உறுதியை அன்று எம்மால் கடைப்பிடித்திருக்க இயலுமா என்பதை யாம் அறியோம். மாமனுக்கு வணங்குகிறோம், பெரிய தந்தையாருக்கும் வணங்குகிறோம். ஆனால் ஒன்று உறுதி. மறுப்போன் ஒருவனும் இல்லாத நாட்டில், தொடங்குகின்ற போர் நல்லதா தீயதா என்று கேட்கவே ஆள் இராது. அதனால்தான் மறுப்போன் தேவை. அவன் கூற்றுப் பிழையானாலும் தேவை.

உலகைச் சற்றே நோக்குங்கள். முதல் உலகப் போரைத் தடுக்கப் பிரான்சில் இறுதிவரை முயன்ற ஜான் ஜோரேஸ், 1914 ஜூலை 31-ஆம் நாள், போர் மூளும் தறுவாயில், பாரிஸ் உணவகம் ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதற்பெண் உறுப்பினரான ஜெனட் ராங்கின் 1917-ல் போருக்கு எதிராக வாக்களித்தார். அன்று அவருடன் வேறு சிலர் இருந்தனர். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் மீண்டும் எதிர்த்தார்; அன்று 388 பேருக்கு எதிராக அவர் ஒருவரே. வெளியே திரண்ட கூட்டத்திற்கு அஞ்சித் தொலைபேசி அறைக்குள் ஒதுங்கிக் காவலர் துணையோடு மீண்டார். அவ்வம்மையார் பின்னாளில் காந்தியத்தை அறிய இந்தியாவிற்குப் பலமுறை வந்தவர்.

நம் இராஜாஜியும் தம் 83-ஆம் வயதில், 1962 செப்டம்பரில், வாஷிங்டன் சென்று, அதிபர் கென்னடியை நேரிற் கண்டு, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு வேண்டினார். உடன் சென்றவருள் ஒருவர் நம் கர்நாடகத்தின் ஆர். ஆர். திவாகர். மறு ஆண்டு ஆகஸ்டில், வளிமண்டலத்தில் அணுச்சோதனை செய்வதை விலக்கும் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அது முதியவர் ஒருவரின் பேச்சினால் மட்டும் விளைந்தது என்று யாம் கூறவில்லை. ஆனால் பேசாதவர் எவரும் அதில் பங்கு கோர முடியாது.

நம் கண்முன் நிகழ்ந்த ஈராக் போரையும் எண்ணிப் பாருங்கள். பேரழிவுக் கருவிகள் உள்ளன என்று காரணம் காட்டி 2003 மார்ச்சில் அப்போர் தொடங்கிற்று. தொடங்குமுன்னரே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதனை வேண்டா என்றார். பிரிட்டிஷ் அமைச்சர் ராபின் குக் பதவி துறந்தார். பிப்ரவரி 15-ஆம் நாள் உலகின் பல நூறு நகரங்களில் மக்கள் வீதிக்கு வந்தனர். நம் நாடாளுமன்றமும் ஏப்ரலில் அப்போரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜூலையில் நம் அரசு படை அனுப்ப மறுத்தது. சொல்லப்பட்ட கருவிகள் அங்கே கிடைக்கவில்லை. முன்னரே ஐயுற்றவர் கூறியது சரியாயிற்று. ஆயினும் மாண்டோர் மீளவில்லை.

தாய்மார்களே, பெரியோர்களே! இவ்வயலில் மறுப்பது என்பது நமக்குத் தெரியாத கலையா? 1930-ல், குற்றவாளியைப் போல் விரல்ரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி கட்டளையிட்டபோது, நம் முன்னோர் வேலை நிறுத்தி மறுத்தார்களே! பல்லாயிரம் அடி ஆழத்தில் உயிரைப் பணயம் வைப்பவன், தன் விரலைத் தரமாட்டேன் என்றான். அவனுக்கு ஏடும் எழுத்தும் கற்பித்தவர் இல்லை, தன்மானம் கற்பித்தது.

இன்று சுரங்கம் இல்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு அதன் சங்கு ஓய்ந்தது. நம் பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்குச் செல்கிறார்கள். சிலர் படையிலும் சேர்கிறார்கள், அவர்களை வாழ்த்துகிறோம். அவர்கள் எல்லையில் நிற்கும்போது, “போர் வேண்டும், போர் வேண்டும்” என்று வீட்டுத் திண்ணையிலிருந்து முழங்குவது எளிய வீரம். அவ்வேளையில், “ஏன்? வேறு வழி உண்டா? யாரைக் கேட்டார்கள்?” என்று ஒருவன் கேட்பானாயின், அவன் வாயை அடைக்காதீர்கள். அவன் நம் படைவீரனின் பகைவன் அல்லன். அவன் உயிரைப் பற்றி முதலில் கவலைப்பட்டவன். அதுபோலவே, கேள்வி கேட்போனும் படை சென்றவனை இழித்துரைக்கலாகாது. இருவரும் அமர நம் பந்தியில் இடம் இருக்கட்டும்.

உறையூர் மதிலுக்கு வெளியே நின்ற கோவூர் கிழாரும், ஆண்டர்சன்பேட்டைப் பந்தலில் நின்ற எம் பாட்டியும் சொன்னது ஒன்றே: யார் தோற்பினும் தோற்பது நம் குடியே.

 வாழ்க தமிழ்! வாழ்க நம் தங்கவயல்!